வால்நட்சத்திரம் ஓட்டிய வண்டி

தெமெனுகா சோஃபியா நகரத்தில் டிராம் ஓட்டியவள். இருபது வயதில் அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தவள், தலையில் முதல் நரை தெரியும்வரை இறங்கவில்லை. கணவன் விட்டுப் போனபோதும், அம்மா செத்த மறுவாரமும், காய்ச்சலோடும் ஓட்டினாள். வேலையைப் பற்றிக் கேட்டால் "பாதை போட்டு வச்சிருக்காங்க, நான் மணி அடிக்கிறேன், அவ்வளவுதான்" என்பாள்.

ஒரு நவம்பர் மாலை, மழை தூறிக்கொண்டிருந்தபோது, காதில் பாட்டு மாட்டிய ஒரு கல்லூரிப் பெண் நின்றிருந்த பஸ்ஸின் மறைவிலிருந்து தண்டவாளத்தில் இறங்கினாள். தெமெனுகா மணியை அடித்தாள், பிரேக்கை முழுசாக மிதித்தாள். ஈரத் தண்டவாளத்தில் டிராம் வழுக்கிக்கொண்டே போனது. அந்தப் பெண் உயிர் பிழைத்தாள், ஒரு கால் போயிற்று. ஓட்டுநர் மேல் தவறில்லை என்று விசாரணையில் முடிவானது. தெமெனுகாவைத் தவிர மற்ற எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். மறுபடி டிராமில் ஏறிய அன்று முதல் நிறுத்தத்தைத் தாண்டுவதற்குள் நான்கு தடவை நின்றாள். குறுக்கே யாருமே வரவில்லை. பின்னாலிருந்த பயணிகள் திட்டினார்கள். அன்றே சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து போனாள்.

தொழில்நுட்ப அருங்காட்சியகம் ஒன்றில், விண்வெளிக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. மூலையில் ஒரு நாற்காலி. எதையும் தொடாமல் பார்க்கும்படி ஜனங்களிடம் சொல்ல வேண்டும். நடுவில் கருகிப்போன ஒரு விண்கலம். சுற்றிலும் கண்ணாடிப் பேழைகளில் விண்வெளி உடுப்பு, கையுறை, குழாயில் அடைத்த சாப்பாடு, செயற்கைக்கோள் மாதிரிகள். அந்தக் கூடத்தில் எதுவும் அசையாது. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

கொள்ளைநோய்க் காலத்தில் கூடத்தை மூடியபோது அந்த அமைதி கெட்டது. வீட்டிலிருந்தபடியே ஜனங்கள் வந்து பார்க்கட்டும் என்று அருங்காட்சியகம் ஒரு வலைத்தளம் ஆரம்பித்தது. சும்மா படங்களைத் தட்டிப் பார்க்கும் தளம் இல்லை. இரண்டு சக்கரத்தில் நிற்கும் ஒரு கம்பம், அதன் உச்சியில் தட்டைத் திரை, கேமரா, ஒலிவாங்கி, ஒலிபெருக்கி. வீட்டில் இருப்பவர் தளத்தைத் திறந்து, தன் முறை வரும்போது கணினியின் அம்புப் பொத்தான்களை அழுத்தினால் அந்த வண்டி கூடத்துக்குள் நகரும். அவர் முகம் வண்டியின் திரையில் தெரியும். மற்றவர்கள் கூடவே பார்க்கலாம், எழுதிப் பேசலாம். நோய் போன பிறகும் கூட்டம் குறையாததால் வண்டியை நிறுத்தவில்லை.

முன்னால் யாராவது வந்தால் நிற்கும்படி வண்டிக்கு ஒரு உணரி இருந்தது. பள்ளிக் குழந்தைகள் வேண்டுமென்றே குறுக்கே நின்று விளையாடியதில் வண்டி நகரவே முடியாமல் போக, அதை அணைத்துவிட்டார்கள். அதனால் வண்டிக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆள் நடக்க வேண்டியிருந்தது. அந்த வேலை தெமெனுகாவின் தலையில் விழுந்தது.

"எதையும் ஓட்ட மாட்டேன்னு சொல்லித்தானே இந்த வேலைக்கு வந்தேன்?" என்றாள் கணினிப் பிரிவுப் பையன் பிளாமெனிடம்.

"நீங்க ஓட்டவே வேணாம்க்கா. ஓட்டறது அவங்க. நீங்க பின்னாடி நடங்க, போதும். எதுலயாவது மோதப் போவுதுன்னா இந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்குங்க. வண்டி அப்படியே செத்துடும்."

அமுக்கினாள். முதல் சில மாதங்கள் ஓயாமல் அமுக்கினாள். வண்டி பேழைக்கு ஆறடி தூரத்தில் இருக்கும்போதே அமுக்கினாள். ஒவ்வொரு தடவையும் இணைப்பு அறுந்து, பார்வையாளர் தளத்தின் வாசலுக்கே தூக்கி எறியப்படுவார். "அந்த அம்மா எங்கள நகரவே விட மாட்டேங்குறாங்க" என்று புகார்மேல் புகார் வந்தது. பிளாமென் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர் வைத்தான். தெமெனுகா சிரித்தாள், ஆனால் கையைப் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை.

புகார் சொல்லாத ஒருவர் இருந்தார். தளத்தில் அவர் கொடுத்திருந்த பெயர் 'வால்நட்சத்திரம்'. புதன்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வருவார். திரையில் நரைத்த மீசை, சவரம் செய்யாத தாடை, பின்னால் ஒரு விறகடுப்பு, திறந்த ஜன்னல். சொந்தப் பெயரோ ஊரோ யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"மாமா, வலது பக்கம் பேழை இருக்கு. பாத்து."

"தெரியுது பொண்ணே. நாப்பது வருஷம் மரம் ஏத்துற லாரி ஓட்டினவன் நான். உன் கண்ணாடியப் போயி ஒடைக்கப் போறேனா?"

"லாரில பிரேக் இருந்துச்சு. இதுல நான்தான் பிரேக்."

"அப்ப சரி, பிரேக் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்கு."

அவருக்கு இந்தத் தளங்கள்மேல் ஒரு பைத்தியம். மகள் இத்தாலிக்கு வேலைக்குப் போகும்போது ஒரு கணினியைக் கொடுத்து, தினமும் முகம் பார்த்துப் பேசலாம் என்றாளாம். மகளுக்கு நேரம் கிடைக்கவில்லை. கணினி சும்மா கிடந்தது. ஒரு குளிர்காலத்தில் எதையோ தட்டப்போய், செவ்வாய்க் கோளின் தரையில் போய் நின்றுவிட்டார். விண்வெளி வண்டிகள் எடுத்த படங்களைக் கோத்து யாரோ செய்த தளம். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பலாம், பாறையை நெருங்கிப் பார்க்கலாம். அப்புறம் சனியின் வளையங்கள், நிலவின் பின்பக்கம், பெரிய பெரிய நாடுகளின் அருங்காட்சியகங்கள்.

"அங்கெல்லாம் அம்புக்குறியத் தட்டினா தொபுக்குனு அடுத்த அறைக்குத் தூக்கிப் போட்டுடறான்" என்று ஒருநாள் குறைபட்டுக்கொண்டார். "ஒரு சிலைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எட்டிப் பாக்க முடியல. இங்கதான் நானா ஓட்டறேன். தப்பாப் போனா தப்பாப் போறேன்."

கூடவே பார்ப்பவர்களில் கின்கா என்று ஒருத்தி தவறாமல் வருவாள். ஸ்பெயினில் ஒரு கிழவிக்குத் துணையாக இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. கிழவி மதியம் தூங்கும் நேரத்தில் கின்கா ஊர்ப்பேச்சு கேட்பதற்காக இந்த விண்வெளிக் கூடத்துக்கு வந்துவிடுவாள். வால்நட்சத்திரம் ஓட்டும்போது அவள் எழுதுவதெல்லாம் நக்கல்தான். "மாமா, போன வாரமும் இதே கையுறையப் பாத்தீங்க. வாங்கிடப் போறீங்களா?"

அந்த ஜூன் மாதப் புதன்கிழமை வெயில் கொளுத்தியது. கூடத்தில் ஒரு வயதான தம்பதியைத் தவிர யாருமில்லை. வால்நட்சத்திரம் நல்ல உற்சாகத்தில் இருந்தார். விண்கலத்தைச் சுற்றிக்கொண்டு போய்க் கையுறைப் பேழைக்கு நேராகத் திரும்பினார்.

"இந்தக் கைக்குள்ள இருந்த ஆளு வெளிய எட்டிப் பாத்தப்போ..." என்று ஆரம்பித்தார். வாக்கியம் முடியவில்லை. அடுத்து வந்தது சொல்லாக இல்லை, வாய்க்குள் கூழாங்கல் உருளும் சத்தம்.

வண்டி நேராகப் போனது.

"மாமா, போதும்."

வண்டி நிற்கவில்லை.

"மாமா! நிறுத்துங்க!"

தெமெனுகாவின் கை தானாகச் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. அதே கணத்தில் திரை கண்ணில் பட்டது. முகம் இல்லை. கணினிமேல் கவிழ்ந்த ஒரு தலையின் உச்சி, நரைத்த மயிர், அதற்கப்பால் விறகடுப்பும் ஜன்னலும். விரல் பொத்தானைத் தொட்டுக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்க 'அமுக்கு, அமுக்கு' என்றது. அமுக்கினால் வண்டி சாகும். வண்டி செத்தால் அந்தக் கிழவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க இந்த உலகத்தில் யாருக்கும் வழியில்லாமல் போய்விடும்.

கையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். பேழைக்கும் வண்டிக்கும் நடுவே புகுந்து, முதுகைக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்துத் தள்ளினாள். கிழவரின் கை முன்னோக்கிப் போகும் பொத்தான்மேல் விழுந்து கிடந்தது போலிருக்கிறது. சக்கரங்கள் விடாமல் அவள் காலை நெருக்கின. பின்னால் கண்ணாடி 'கிர்' என்றது.

"ஐயா!" என்று அந்தத் தம்பதியைப் பார்த்துக் கத்தினாள். "முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் இருக்கு. பிளாமென்னு ஒரு பையன். இழுத்துட்டு வாங்க! ஓடுங்க!"

தம்பதியில் கணவர் ஓடினார். அவர் மனைவி கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு வந்து, கேட்காமலே, வண்டியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

திரையின் ஓரத்தில் கின்காவின் எழுத்துகள் வந்து விழுந்தன. "என்னாச்சு? மாமா ஏன் பேசல?" "தெமெனுகா, அவரு விழுந்துட்டாரு!" "யாராவது ஏதாவது பண்ணுங்க!"

பிளாமென் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். ஒரு பார்வையில் புரிந்துகொண்டான். "அக்கா, அவரோட முறை இப்ப முடிஞ்சிடும். அடுத்து ஒரு ஸ்கூல் காத்திருக்கு. முடிஞ்சா தளம் தானா இணைப்பை மாத்திடும்."

"மாத்த விடாத."

"கீழ சர்வர் அறைக்குப் போய்த்தான் நிறுத்தணும்..."

"போயி நிறுத்துடா! இங்க நின்னு எனக்குப் பாடம் எடுக்காத!"

ஓடினான். திரையில் மீதமுள்ள நேரம் கரைந்துகொண்டிருந்தது. தெமெனுகா அதைப் பார்க்காமல் அந்த நரைத்த தலையையே பார்த்தாள். தலை லேசாக அசைந்தது. மூச்சின் சத்தம் கேட்டது, கரகரவென்று.

"மாமா, நான்தான், பிரேக். நான் சொல்றது கேக்குதா? பயப்படாதீங்க. நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்."

வண்டி சட்டென்று இடது பக்கம் ஒரு குலுங்கு குலுங்கியது.

அவள் சக்கரங்களைப் பார்த்தாள். "மாமா, இப்ப நீங்களா திருப்பினீங்க? நீங்கன்னா இன்னொரு தடவை திருப்புங்க."

மறுபடி இடது பக்கம் குலுங்கல். வலது கை செத்து விழுந்திருந்தாலும் இடது கையில் ஏதோ ஒரு விரல் உயிரோடு இருந்தது.

மீதி நேரம் என்று காட்டிய எண் அப்படியே உறைந்து நின்றது. பிளாமென் திரும்பி ஓடி வந்தான், காதில் கைப்பேசி. அவசர உதவி எண்ணில் ஒரு பெண் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்: விலாசம் என்ன?

"பேரு கூடத் தெரியாது மேடம். இணைப்பு எங்கேர்ந்து வருதுன்னு பாத்தா மலைப்பக்கம் மொத்தத்தையும் காட்டுது. அது பாதி நாடு." அவன் கைப்பேசியை மார்பில் அழுத்திக்கொண்டு கிசுகிசுத்தான். "அக்கா, மோட்டார் நாத்தம் அடிக்குது. இப்படியே முட்டிக்கிட்டு இருந்தா சூடேறித் தானா அணைஞ்சுடும்."

உண்மைதான். கருகல் வாசம் வந்துகொண்டிருந்தது. தெமெனுகா சுற்றும் முற்றும் பார்த்தாள். குழந்தைகள் ஏறி நின்று பார்ப்பதற்காகப் பேழைக்குப் பக்கத்தில் மரப்படி ஒன்று கிடந்தது. "அத இழு. வண்டியத் தூக்கி அதுமேல சாய்ப்போம். சக்கரம் தரையில படக்கூடாது."

மூன்று பேரும் சேர்ந்து தூக்கினார்கள். வண்டி படியின்மேல் மல்லாந்தது. சக்கரங்கள் காற்றில் தறிகெட்டுச் சுழன்றன. கருகல் வாசம் கொஞ்சம் தணிந்தது. தெமெனுகா தரையில் மண்டியிட்டு, திரையையும் சக்கரங்களையும் மாறி மாறிப் பார்க்கும்படி உட்கார்ந்தாள்.

"மாமா, இப்ப நான் கேள்வி கேக்கறேன். ஆமான்னா இடது பொத்தான். இல்லேன்னா சும்மா இருங்க. நகரத்துல இருக்கீங்களா?"

சக்கரங்கள் சுழன்றன.

"கிராமமா?"

இடது சக்கரம் தடுமாறி நின்று, மறுபடி ஓடியது.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

சுழற்சி நிற்கவில்லை.

எத்தனையோ ஆயிரம் கிராமம். எங்கிருந்து ஆரம்பிப்பது? கிழவரின் மூச்சு இப்போது இடைவெளி விட்டு வந்தது. அப்போதுதான், அந்தத் திறந்த ஜன்னல் வழியாக, எங்கோ தூரத்திலிருந்து ஒரு ஊதல் சத்தம். கீச்சென்று, பொம்மை ரயிலின் ஊதல் போல. கூடவே சக்கரங்கள் வளைவில் தேயும் முனகல்.

திரையில் கின்காவின் எழுத்து பாய்ந்து வந்தது. "அது குட்டி ரயில்!!" "குறுகல் பாதை ரயில். எங்க அம்மா ஊருக்கு அதுலதான் போவோம். சத்தியமா அதேதான்!"

"நிறுத்தமெல்லாம் ஞாபகம் இருக்கா கின்கா?"

"சின்ன வயசுல பாட்டா பாடுவோம். எழுதறேன். இரு."

ஒவ்வொரு பெயராக வந்தது. தெமெனுகா சத்தமாக வாசித்தாள். டிராமில் நிறுத்தம் அறிவிப்பது போல் தெளிவாக, இடைவெளி விட்டு வாசித்தாள்.

"வர்வரா."

சக்கரங்கள் சுழன்றன.

"வெலிங்க்ராத்."

சுழன்றன.

"ஸ்வெதினோ."

இடது சக்கரம் லேசாகத் தயங்கியது. நின்றதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

"ஸ்வெதினோவா மாமா? ஸ்வெதினோ?"

சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருந்தன. பிளாமென் அவள் தோளைத் தொட்டான். "அக்கா, ஆம்புலன்ஸ் கிளம்பணும்னா ஒரு ஊரைச் சொல்லுங்கறாங்க. அந்த ஊரையே சொல்லட்டுமா?"

"பொறு."

"அக்கா, நேரமாவுது..."

"பொறுடா! தப்பான மலைக்கு வண்டிய அனுப்பினா திரும்பி வர்றதுக்குள்ள இவரு போயிடுவாரு." அடுத்த பெயரை வாசித்தாள். அதற்கடுத்ததை வாசித்தாள். பிறகு, "போரோவ் தோல்."

இடது சக்கரம் நின்றது. நின்றே இருந்தது. அந்த விரல் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்திருந்தது.

"போரோவ் தோல்" என்றாள் தெமெனுகா. "அங்கதான். அனுப்பச் சொல்லு."

ஆம்புலன்ஸ் வெலிங்க்ராத்திலிருந்து மலையேறி வரவேண்டும், நேரம் ஆகும் என்றார்கள். அதற்குள் ஊரில் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். ஊர்த்தலைவர் அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை, சாப்பாட்டு நேரம். கின்கா எங்கெங்கோ தேடி ஊர் மளிகைக்கடையின் எண்ணை எழுதினாள். தெமெனுகா தன் கைப்பேசியில் அழைத்தாள்.

"கடை. சொல்லுங்க." ஒரு பெண்ணின் குரல், வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தது. கடைக்காரி வெலிச்கா.

"அம்மா, உங்க ஊர்ல ஒரு வயசானவரு, தனியா இருக்காரு, மீசை வச்சிருப்பாரு..."

"இங்க எல்லாக் கெழவனும் தனியாத்தான் இருக்கான், மீசையும் வச்சிருக்கான். யாரு நீங்க? எதாவது விக்கிறீங்களா?"

"விக்கல! அவரு மயங்கிக் கெடக்காரு. நான் சோஃபியாலேர்ந்து பேசறேன், அவர கண்ணால பாத்துக்கிட்டு இருக்கேன்."

"சோஃபியாலேர்ந்து எப்படிம்மா பாப்பீங்க? பட்டப்பகல்லயே குடிச்சீங்களா?"

தெமெனுகாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "மரலாரி ஓட்டினவரு. மக இத்தாலில. கம்ப்யூட்டர்ல நிலா, செவ்வாய்னு எதையாவது பாத்துக்கிட்டே இருப்பாரு..."

மெல்லும் சத்தம் நின்றது. "ஸ்த்ராஹிலா? ஐயோ கடவுளே. காலைல ரொட்டி வாங்கிட்டு, 'இன்னிக்கு விண்வெளிக்குப் போற நாள், சீக்கிரம் விடு'ன்னு சொல்லிட்டுப் போனாரே!" நாற்காலி விழும் சத்தம். "மேல் தெருவுல வீடு. ஓடறேன். நீங்க வைக்காதீங்க!"

தெமெனுகா திரைக்கு அருகே குனிந்தாள். "ஸ்த்ராஹில் மாமா! உங்க பேரு தெரிஞ்சு போச்சு. கடைக்கார அம்மா வர்றாங்க. கேக்குதா? இடது பொத்தான அமுக்குங்க."

சக்கரங்கள் சுழன்றுகொண்டிருந்தன.

"மாமா?"

அப்போது இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் நின்றன.

கூடத்தில் திடீரென்று அவ்வளவு அமைதி. திரையில் தலை இல்லை. விறகடுப்பு, ஜன்னல், காற்றில் ஆடும் திரைச்சீலை, அவ்வளவுதான். நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்திருக்கிறார். மூச்சுச் சத்தமும் கேட்கவில்லை. தெமெனுகா வண்டியின் ஒலிபெருக்கியில் காதை ஒட்டினாள். பிளாமென் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அந்த வயதான அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு முணுமுணுத்தாள். தெமெனுகாவின் கைப்பேசியில் மட்டும், மேட்டுத் தெருவில் ஓடும் ஒரு பெருத்த பெண்ணின் மூச்சிரைப்பு.

நாய் குரைத்தது. முதலில் கைப்பேசியில் கேட்டது, பிறகு வண்டியின் ஒலிபெருக்கியிலும் கேட்டது. இரண்டும் ஒரே நாய். கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

"உள்ள தாழ் போட்டிருக்காரு!" என்றாள் வெலிச்கா.

"ஜன்னல் திறந்திருக்கு! அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல்! எனக்குத் தெரியுது!"

"என் உடம்புக்கு ஜன்னலா? யோவ், நீ ஏறு, நீ ஏறுய்யா!" யாரையோ விரட்டினாள். திரையில் ஜன்னல் வழியாக ஒரு கை நுழைந்தது, தொப்பி நுழைந்தது, பிறகு ஒரு முழு ஆள் தலைகீழாக அடுக்களைக்குள் விழுந்தான். அவன் குனிந்து திரையிலிருந்து மறைந்தான். அடுத்த சில விநாடிகள் தெமெனுகாவின் வாழ்க்கையில் மிக நீளமானவை.

"உயிர் இருக்கு!" என்று தரைப்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "கண்ணத் தொறந்து பாக்கறாரு!"

பிளாமென் ஆம்புலன்ஸ் பெண்ணிடம் வீட்டு அடையாளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். தெமெனுகா பேழையில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் காலில் ரத்தம் வழிவதைப் பார்த்தாள். சக்கரம் தேய்த்ததில் கணுக்காலுக்கு மேல் தோல் உரிந்திருந்தது. அந்த வயதான அம்மாள் தன் கைக்குட்டையை எடுத்துக் கட்டிவிட்டு, "எனக்கு ஒண்ணுமே புரியல கண்ணு, ஆனா நல்லா பண்ணினே" என்றாள்.

ஸ்த்ராஹிலைப் பிழைக்கவைத்துவிட்டார்கள். பக்கவாதம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கதை வேறு என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். வலது கை வரவில்லை, பேச்சு பாதிதான் வந்தது. இத்தாலியிலிருந்து மகள் அடுத்த விமானத்திலேயே வந்துவிட்டாள்.

அருங்காட்சியகத்தில் எல்லாரும் கைதட்டிவிடவில்லை. வண்டியின் மோட்டார் ஒன்று வீணாகியிருந்தது. பேழையின் கண்ணாடியில் மயிரிழை விரிசல். காத்திருந்த பள்ளி கோபமாக எழுதியிருந்தது. இயக்குநர் அம்மாள் தெமெனுகாவைக் கூப்பிட்டு, முதலில் நன்றி சொன்னாள், பிறகு, "ஆனா இனி இப்படி நடந்தா..." என்று இழுத்தாள்.

"இனி நடந்தா விலாசம் கையில இருக்கணும்" என்றாள் தெமெனுகா. "வண்டி ஓட்ட வர்றவங்க கிட்ட பேரும், ஊரும், போன் நம்பரும் கேளுங்க. இல்லேன்னா நான் அது பின்னாடி நடக்க மாட்டேன்."

இரண்டு வாரம் இழுபறி. அந்தரங்கம், சட்டம் என்று பேசினார்கள். கடைசியில், விருப்பமிருந்தால் தரலாம் என்று ஒரு இடம் வைத்தார்கள். பாதிப்பேர் வெறுமையாக விட்டுவிட்டு வருகிறார்கள். அப்படி ஒருவர் வரும் ஒவ்வொரு தடவையும் தெமெனுகா "நீங்க எந்த ஊருங்க?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுவாள். சிலர் எரிந்து விழுவார்கள். விழட்டும். டிராமுக்குத் திரும்பிப் போகிறாயா என்று பழைய சிநேகிதிகள் கேட்டார்கள். இல்லை என்றாள். அந்தக் கல்லூரிப் பெண்ணின் நினைவு இன்னும் வரத்தான் செய்கிறது. அது போகும் என்று அவள் எதிர்பார்க்கவுமில்லை.

ஆகஸ்டில் கின்கா விடுமுறையில் ஊருக்கு வந்தாள். இரண்டு பேரும் நேரில் அப்போதுதான் பார்த்துக்கொண்டார்கள். எழுத்தில் அவ்வளவு வாயாடியவள் நேரில் குள்ளமாக, கூச்சமாக இருந்தாள். வீட்டில் சுட்ட பாலாடைக்கட்டிப் பணியாரத் தட்டோடு இருவரும் போரோவ் தோலுக்குப் போனார்கள்.

ஸ்த்ராஹில் முற்றத்தில், பிளம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தெமெனுகாவைப் பார்த்து முகம் மாறவில்லை. வண்டியின் கேமராவுக்கு எப்போதும் பின்னால் நடந்தவள்தானே. "மாமா, நான்தான்" என்றதும் குரலைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்தது. வாயைத் திறந்து, சிரமப்பட்டு, ஒரு வார்த்தை சொன்னார்.

"ரொட்டி."

அது இல்லை என்று அவருக்கே தெரிந்தது. முகம் சிவந்தது. இடது கையால் மேசையைக் குத்தினார். "ரொட்டி! ரொட்டி!"

"வேற வார்த்தை சொல்ல நெனைப்பாரு, இதுதான் வரும்" என்றாள் மகள், தலையைக் குனிந்துகொண்டு. "இலையுதிர் காலத்துல என்கூட இத்தாலிக்கு, பொலோஞாவுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். வர மாட்டேங்கறாரு. தனியா விட முடியுமா?"

தெமெனுகா அவருக்கு எதிரே உட்கார்ந்து, பணியாரத்தைப் பிட்டு அவர் இடது கையில் வைத்தாள். "எனக்கும் ரொட்டி, மாமா" என்றாள். அவர் கொஞ்சநேரம் முறைத்தார். பிறகு ஒரு பக்க உதடு மட்டும் சிரித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே, பாதியில், வெயிலின் இதத்தில் தூங்கிப்போனார். வெலிச்கா கடையைச் சாத்திவிட்டு வந்து, அந்த நாளைப் பற்றி முதலிலிருந்து ஒருமுறை சொன்னாள். அவள் கதையில் ஜன்னல் வழியே ஏறிக் குதித்தது அவளேதான். யாரும் திருத்தவில்லை. பெண்கள் நான்கு பேரும் அவரை எழுப்பாமல் பாத்திரங்களைக் கழுவி வைத்தார்கள்.

திரும்பும்போது கின்கா தன் மச்சானின் பழைய காரை மலைப்பாதையில் இறக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெமெனுகா ஒவ்வொரு வளைவிலும் கதவைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாடி, மெதுவா, கீழ பள்ளம்" என்று கத்திக்கொண்டே வந்தாள்.